திருப்பலிக்கு மறைநூலில் அடிப்படை எங்கே இருக்கிறது?

பாளை மருமகள் கேட்கிறார்:

நான் நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில் பிறந்து வளர்ந்தவள். திருமணத்திற்குப் பின் பாளையங்கோட்டையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்ந்து வருகிறேன். என் மகள் இந்த ஆண்டு புதுநன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை, வாங்க இருக்கிறாள். மறைக்கல்வி வகுப்பில் கற்றதை வீட்டுக்கு வந்து என்னிடம் ஒப்பிப்பாள். ஒப்பித்து முடித்த கையோடு கேள்வியும் கேட்பாள். என் மாமியார் அசையாத நம்பிக்கையோடு பதில் சொல்வார்கள். ஆனால் அது எந்த அதிகாரத்தில், எந்த வசனத்தில் இருக்கிறது என்று நான் கேட்டால், அதைப் பங்குச்சாமியிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

சிறுவயது முதல் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிரசங்கம் கேட்டுப் பழகியவள் என்பதால், அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கும் வழிபாடான திருப்பலியில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் வசனத்தைத் தேடுவது என் இயல்பாகிவிட்டது. ஊரில் இருக்கும் என் அண்ணனோ, கர்த்தர் ஒரேதரம் பலியானார் என்று எபிரெயருக்கு எழுதின நிருபத்தில் அத்தனை தெளிவாக இருக்கும்போது, ஞாயிறுதோறும் பலி ஒப்புக்கொடுக்கிறோம் என்று சொல்வது எப்படிச் சரியாகும் என்று கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நற்கருணை அப்பத்தை வைத்திருக்கும் பேழைக்கு முன் முழங்கால் இடுவதற்கும் மறைநூலில் ஆதாரம் உண்டா என்று அறிய விரும்புகிறேன். வாக்குவாதத்துக்காக இதைக் கேட்கவில்லை. மகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன்.

வடக்கன்குளம் வேதியர் எழுதுகிறார்:

அம்மா, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் யோவான் 6ஆம் அதிகாரத்தைத்தான் முதலில் திறப்பார்கள். நான் மறைக்கல்வி கற்பித்த காலம் முழுவதும் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்திலிருந்தே தொடங்கினேன். பவுல் அதை எபேசில் தங்கியிருந்தபோது, ஏறத்தாழ கி.பி. 55ஐ ஒட்டி எழுதினார். நற்செய்தி நூல்கள் இன்றைய வடிவத்தைப் பெற்றது அதற்குப் பின்னரே என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஆகவே இறுதி இராவுணவில் இயேசு அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துச் சொன்ன சொற்கள் எழுத்தில் நமக்கு முதன்முதலாகக் கிடைக்கும் இடம் அத்திருமுகத்தின் 11:23-26. அங்கும் பவுல் எதையும் தாமாகச் சொல்லவில்லை. ஆண்டவரிடமிருந்து பெற்றுக்கொண்டதையே உங்களிடம் ஒப்படைத்தேன் என்கிறார். அவர் அந்தத் திருமுகத்தை எழுதுவதற்கு முன்பே அந்தச் சபை அப்பம் பிட்டு வந்தது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

அதற்கு முந்திய அதிகாரத்தையும் நிதானமாகப் படியுங்கள். பலி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் அண்ணன் கேட்பதற்கு அங்கே பாதி விடை இருக்கிறது. நாம் பருகும் கிண்ணம் கிறிஸ்துவின் இரத்தத்தில் பங்குகொள்வது அல்லவா, நாம் பிட்கும் அப்பம் அவருடைய உடலில் பங்குகொள்வது அல்லவா என்று 10:16இல் கேட்கும் பவுல், அடுத்த சில வசனங்களில் இஸ்ரயேலரின் பலிபீடத்தையும், சிலைகளுக்குப் படைத்ததை உண்ணும் விருந்தையும், ஆண்டவருடைய பந்தியையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார். பலிப்பொருளை உண்கிறவன் அந்தப் பலிபீடத்தோடு உறவு கொள்கிறான் என்பதே அவருடைய வாதம். கோயில் கொடையில் கிடா வெட்டி, அந்தக் கறியை வீட்டுக்கு வீடு பங்கு வைத்து உண்ணும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த திருநெல்வேலிச் சீமைக்காரருக்கு இதை விளக்க உரையாசிரியர் தேவையில்லை. முதல் இரண்டும் பலியிலிருந்து பிறக்கும் விருந்துகளாக இருக்க, மூன்றாவது மட்டும் பலியோடு தொடர்பில்லாத சாப்பாடாக இருக்குமானால் அந்த ஒப்பீடே நிற்காது. அதே திருமுகத்தில் 5:7இல் நம் பாஸ்காவாகிய கிறிஸ்து பலியிடப்பட்டார், ஆகவே விழாக் கொண்டாடுவோம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பாஸ்கா, இஸ்ரயேலர் எகிப்திலிருந்து விடுதலையான இரவை நினைவுகூரும் விழா. விடுதலைப் பயணம் 12இன்படி பாஸ்கா ஆட்டை வெட்டி, இரத்தத்தை நிலையில் பூசியதோடு கடமை முடிந்துவிடவில்லை. அன்றிரவே அதன் இறைச்சியை உண்ணவும் வேண்டும்.

இயேசு கிண்ணத்தை எடுத்துச் சொன்னவற்றுக்குப் பின்னால் இரண்டு பழைய ஏற்பாட்டுப் பகுதிகள் நிற்கின்றன. ஒன்று, சீனாய் மலையடியில் மோசே மக்கள்மேல் இரத்தத்தைத் தெளித்து, இது உடன்படிக்கையின் இரத்தம் என்று அறிவிக்கும் விடுதலைப் பயணம் 24:8. மற்றொன்று, புதிய உடன்படிக்கையை வாக்களிக்கும் எரேமியா 31:31. மத்தேயுவும் மாற்கும் முன்னதை நினைவூட்டுகிறார்கள்; லூக்காவும் பவுலும் பின்னதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொரிந்தில் பவுல் கண்டித்த குற்றம் சடங்கில் நேர்ந்த பிழை அன்று. வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். அதைக் கண்டித்த பின்தான், தகுதியற்ற நிலையில் இந்த அப்பத்தை உண்பவர் ஆண்டவரின் உடலுக்கும் இரத்தத்துக்கும் எதிராகக் குற்றம் புரிகிறார் என்று 11:27இல் எழுதுகிறார். மறைசாட்சியான தேவசகாயம் பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்ற எங்கள் ஊரில், 1872இல் கட்டிய திருக்குடும்பக் கோயில், இரு சாதியார் ஒருவரோடு ஒருவர் கலக்காமல் ஒரே பலிபீடத்தை நோக்கி நிற்பதற்காக இரண்டு கூடங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நடுவே இருந்த தடுப்புச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அந்தச் சுவர் நின்ற காலத்தில் இதே திருமுகத்தின் கண்டனம் எங்கள் முன்னோருக்கும் உரியதாகவே இருந்தது என்பதை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை. பிள்ளைகளுக்கு நற்கருணையைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நாசரேத்துக்காரர் எழுதுகிறார்:

வேதியர் ஐயாவுக்கு வணக்கம். நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன். கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. எங்கள் திருவிருந்து ஆராதனையிலும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் அப்பமும் ரசமும் பரிமாறப்படுகின்றன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பின் வந்த ஆராதனை முறையும் பழைய திருச்சபையின் வழக்கங்களைத் தேடிப்பிடித்து எடுத்துக்கொண்டதுதான். ஆகவே இங்கே ஒருவரை ஒருவர் அந்நியராகப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் சகோதரியின் அண்ணன் எழுப்பிய கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை. எபிரெயர் 7:27, 9:25-28, 10:10-14 ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே கருத்துத் திரும்பத் திரும்ப வருகிறது. பழைய ஏற்பாட்டு ஆசாரியர்கள் நாள்தோறும் நின்றுகொண்டு பலியிட்டார்கள். இவரோ ஒரே பலியைச் செலுத்திவிட்டுத் தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்கார்ந்தார். வேலை முடிந்ததால்தான் உட்கார்ந்தார். பாவமன்னிப்பு உண்டான பின் இனிப் பாவத்தினிமித்தம் பலி செலுத்தப்படுவதில்லை என்று 10:18 முடிக்கிறது. இதற்குப் பின்னும் பலி, பலிபீடம், பலியிடும் குரு என்று பேசினால், சிலுவையில் ஏதோ குறை இருந்தது என்று ஆகிவிடாதா? யோவான் 6ஆம் அதிகாரத்தை எடுத்தாலும் ஆவியே உயிர்ப்பிக்கிறது, மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது என்ற 63ஆம் வசனம் நிற்கிறது. இவற்றைச் சுற்றி வளைக்காமல் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடக்கன்குளம் வேதியர் எழுதுகிறார்:

ஐயா, நீங்கள் சொன்ன எபிரேயர் வசனங்கள் அனைத்தையும் கத்தோலிக்கத் திருச்சபை அப்படியே ஏற்கிறது. கிறிஸ்து மீண்டும் பலியாகிறார் என்றோ, சிலுவையில் நிறைவேறிய கல்வாரிப் பலியோடு நாம் எதையோ சேர்க்கிறோம் என்றோ திருச்சபை கற்பிக்கவில்லை. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1562இல் தன் 22ஆம் அமர்வில் சொன்னது இதுதான்: சிலுவையில் இரத்தம் சிந்தித் தம்மை ஒப்புக்கொடுத்த அதே கிறிஸ்துவே திருப்பலியில் இரத்தம் சிந்தா முறையில் இருக்கிறார், பலிப்பொருளும் ஒன்றே, ஒப்புக்கொடுப்பவரும் ஒருவரே, ஒப்புக்கொடுக்கும் முறை மட்டுமே வேறு. நம் மக்களின் பேச்சில் ஒவ்வொரு பூசையும் ஒரு புதிய பலி என்பது போன்ற தொனி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் தொனியைத் திருத்த வேண்டியது எங்கள் பொறுப்பு. அதை வைத்துப் போதனையை அளக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் திருமுகத்தையே இன்னும் சற்றுக் கூர்ந்து வாசிப்போம். அமர்ந்துவிட்ட அந்தத் தலைமைக் குரு ஓய்ந்துவிடவில்லை. நமக்காகப் பரிந்து பேச அவர் என்றும் உயிர் வாழ்கிறார் என்கிறது 7:25. ஒவ்வொரு தலைமைக் குருவும் காணிக்கையும் பலியும் செலுத்தவே ஏற்படுத்தப்படுவதால் இவருக்கும் செலுத்த ஏதேனும் இருந்தாக வேண்டும் என்கிறது 8:3. நம் சார்பாகக் கடவுளின் திருமுன் நிற்பதற்கு விண்ணகத்துக்குள்ளேயே அவர் நுழைந்தார் என்கிறது 9:24. யோவான் காட்சியில் காணும் ஆட்டுக்குட்டியும் கொல்லப்பட்டதுபோல் காணப்படுகிறது, ஆனால் அரியணை அருகே உயிரோடு நிற்கிறது. அது திருவெளிப்பாடு 5:6. ஒரே முறை நிகழ்ந்த அந்தப் பலி கடந்த காலத்தில் புதைந்து போகாமல் தந்தையின் முன் என்றும் நிலைத்திருக்கிறது. திருப்பலியில் நாம் செய்வது அதைத் திரும்ப நடத்துவதன்று, அதனோடு இணைக்கப்படுவது.

இது எப்படி இயலும் என்று கேட்டால், பாஸ்காவைத்தான் காட்டுவேன். எகிப்திலிருந்து வெளியேறியவர்கள் இறந்து எத்தனையோ தலைமுறைகள் கடந்த பின்னும், தந்தை தன் மகனிடம், நான் எகிப்திலிருந்து வெளியேறியபோது ஆண்டவர் எனக்காகச் செய்ததை முன்னிட்டே இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும் என விடுதலைப் பயணம் 13:8 கட்டளையிடுகிறது. என் முன்னோருக்காக என்று சொல்லும்படி அது கேட்கவில்லை. ஆண்டுதோறும் கொண்டாடிய அந்த நினைவு, உண்பவனை அந்த இரவுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தியது. தம் நினைவாகச் செய்யுங்கள் என்று இயேசு சொன்னது அத்தகைய விருந்தின் நடுவில்தான். கதிரவன் எழும் திசைமுதல் மறையும் திசைவரை வேற்றினத்தாரிடையே தூய காணிக்கை செலுத்தப்படும் என்ற மலாக்கி 1:11ஐத் தொடக்கத் திருச்சபை நற்கருணையோடு இணைத்தே வாசித்தது. திருப்பலியில் குரு சொல்லும் எங்கள் மூன்றாம் நற்கருணை மன்றாட்டில் இன்றும் அதன் எதிரொலி இருக்கிறது.

1971இல் கத்தோலிக்க, ஆங்கிலிக்கப் பிரதிநிதிகள் இங்கிலாந்தின் விண்ட்சரில் கூடி வெளியிட்ட அறிக்கையில், கிறிஸ்து ஒரே முறை நிறைவேற்றியதை மீண்டும் செய்யவோ அதனோடு எதையும் கூட்டவோ இயலாது என்று இரு தரப்பினரும் சேர்ந்தே எழுதினார்கள். எல்லா வேறுபாடும் அதோடு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அஞ்சுகிற போதனையைக் காக்க யாரும் அங்கே முன்வரவில்லை.

யோவான் 6:63ஐப் பற்றி ஒரு சொல். 51ஆம் வசனத்தில் தம் சதையை உலகு வாழ்வதற்காகக் கொடுப்பதாகச் சொன்ன அதே ஆண்டவர், பன்னிரண்டு வசனங்களுக்குப் பின் தம் சதையே பயனற்றது என்று சொல்லியிருக்க முடியாது. தூய ஆவியின் துணையின்றி மனித அறிவால் மட்டும் இதை அளக்கும் போக்கையே அங்கே அவர் மறுக்கிறார் என்று நாங்கள் வாசிக்கிறோம். சீடர் பலர் விலகிச் சென்றபோது (6:66), நான் உவமையாகத்தான் சொன்னேன் என்று அவர்களை அவர் திரும்ப அழைக்கவும் இல்லை.

தென்காசி ஆசிரியை எழுதுகிறார்:

அன்புச் சகோதரிக்கு, மேலே நடந்த உரையாடல் உங்கள் அண்ணனுக்கு உதவும். உங்கள் மகளுக்கு வேறொரு வழியில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். லூக்கா 24:13-35ஐ அவளோடு அமர்ந்து வாசியுங்கள். எம்மாவுக்குப் போகும் வழியில் உயிர்த்த ஆண்டவர் முதலில் மோசே தொடங்கி இறைவாக்கினர் அனைவரின் நூல்களையும் விளக்குகிறார். பின் பந்தியில் அமர்ந்து அப்பத்தை எடுத்து, கடவுளைப் போற்றி, பிட்டு, அவர்களுக்குக் கொடுக்கிறார். திருப்பலியின் இரு பெரும் பகுதிகளான இறைவாக்கு வழிபாடும் நற்கருணை வழிபாடும் அதே வரிசையில்தான் வருகின்றன. வழியிலேயே அவர்கள் உள்ளம் பற்றி எரிந்தது என்றாலும், அப்பம் பிட்கையில்தான் அவரைக் கண்டுகொண்டார்கள் என்பதை அவளையே கண்டுபிடிக்க விடுங்கள்.

இந்த வடிவம் பிற்காலத்தவர் வகுத்தது என்று எண்ணிவிட வேண்டாம். ஏறத்தாழ கி.பி. 155இல் ரோமை நகரிலிருந்து மறைசாட்சி யுஸ்தீன், பேரரசர் அந்தோனினுஸ் பியுசுக்கு எழுதிய முறையீட்டில் கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். திருத்தூதர்களின் நினைவுக்குறிப்புகளோ இறைவாக்கினரின் எழுத்துகளோ நேரம் அனுமதிக்கும் அளவுக்கு வாசிக்கப்படுகின்றன. தலைமை தாங்குபவர் அறிவுரை கூறுகிறார். எல்லாரும் எழுந்து மன்றாடுகிறார்கள். அப்பமும், இரசமும், தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன. தலைவர் நன்றி மன்றாட்டுச் சொல்ல, மக்கள் ஆமென் என்கிறார்கள். பகிர்ந்து உண்ட பின், வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோகிறார்கள். அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்போருக்கும் காணிக்கை சேர்க்கப்படுகிறது. அடுத்த ஞாயிறு நீங்கள் சவேரியார் பேராலயத்தில் அமர்ந்திருக்கும்போது இந்த விவரிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஏறத்தாழ எதுவும் விடுபடாது.

வசனம் தேடும் உங்கள் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள், திருப்பலி அதற்கு நல்ல விளைநிலம். ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்ற வாழ்த்து, போவாசு தன் வயலில் அறுவடை செய்தவர்களுக்குச் சொன்னது (ரூத்து 2:4). வானவர் கீதம் லூக்கா 2:14இல் தொடங்குகிறது. தூயவர், தூயவர், தூயவர் என்பது எசாயா 6:3இல் செராபீன்கள் பாடியது. அதோடு எருசலேம் வீதியில் மக்கள் எழுப்பிய ஓசன்னா (மத்தேயு 21:9) சேர்ந்துகொள்கிறது. நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன் குரு பெரிய அப்பத்தை இரண்டாகப் பிட்டு, ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டைக் கிள்ளிக் கிண்ணத்தில் இடுவார். ஒலிவாங்கி அருகில் இருந்தால் அப்பம் முறியும் ஓசை கோயில் முழுவதும் கேட்கும். அந்த நேரத்தில் இறைவனின் செம்மறியே என்று நாம் பாடுவது, யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவான் இயேசுவைச் சுட்டிக்காட்டிச் சொன்னது (யோவான் 1:29). செம்மறியின் விருந்துக்கு அழைக்கப்பட்டோர் என்று குரு சொல்வது திருவெளிப்பாடு 19:9. நான் தகுதியற்றவள் என்று நீங்கள் பதில் சொல்வது கப்பர்நாகூம் நூற்றுவர் தலைவனின் சொற்கள் (மத்தேயு 8:8). உரோமைப் படையைச் சேர்ந்த ஒரு புறவினத்தாரின் சொற்களை வாயில் வைத்துக்கொண்டு நாம் எல்லாரும் நற்கருணைக்கு முன்செல்வது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்ட பின், மறைநூலின் கருவூலம் மக்களுக்கு இன்னும் அகலமாகத் திறக்கப்பட்டது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியாக அமைந்தன. அதில் இரண்டாம் ஆண்டில் ஐந்து ஞாயிறுகள் தொடர்ந்து யோவான் 6ஆம் அதிகாரமே வாசிக்கப்படும்.

பாளை மருமகள் எழுதுகிறார்:

வேதியர் ஐயாவுக்கும், எங்கள் பக்கத்திலிருந்து எழுதிய அண்ணாச்சிக்கும், ஆசிரியை அக்காவுக்கும் என் நன்றி. எம்மாவு பகுதியை இன்று இரவே மகளோடு வாசிக்கப் போகிறேன். விடுதலைப் பயணம் 13:8ஐ அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் இன்னும் எபிரெயர் 10:18இலேயே நிற்கிறார், ஆனால் யோசிக்க வேண்டிய விஷயம் என்று ஒப்புக்கொண்டார். பேழைக்கு முன் முழங்கால் இடுவது பற்றி யாராவது எழுதுவீர்களா?

உவரிக் கரையோன் எழுதுகிறார்:

சகோதரி, எங்கள் பங்கில் நடமாட முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் பணியாளர்களில் நானும் ஒருவன், ஆகவே நான் செய்கிற வேலையிலிருந்தே பதில் சொல்கிறேன். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பேழையிலிருந்து அப்பங்களை எடுத்து ஒரு சிறு வட்டச் சிமிழில் வைத்து, கழுத்தில் தொங்கும் பைக்குள் போட்டுத் தருவார்கள். வீட்டில் ஒரு முக்காலியில் வெள்ளைத்துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருப்பார்கள். அன்றைய நற்செய்தியை முதலில் வாசிப்போம், பின் விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே செபம், அதன்பின் நற்கருணை. மேலே ஆசிரியை குறிப்பிட்ட யுஸ்தீனின் வரி, வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோனார்கள் என்பது, இதே பணியைத்தான் சொல்கிறது. பேழை இருப்பதன் முதல் காரணம் நோயாளிகளும் சாகும் தறுவாயில் இருப்போருமே.

அப்படி வைக்கப்பட்ட அப்பத்துக்கு முன் முழங்கால் இடுங்கள் என்று நேராகச் சொல்லும் வசனம் விவிலியத்தில் இல்லை. இதை மழுப்பாமல் உங்கள் மகளிடம் சொல்லலாம். வழக்கம் வளர்ந்தது காலப்போக்கில்தான். நற்கருணைப் பெருவிழாவைத் திருத்தந்தை நான்காம் உர்பான் 1264இல் உலகத் திருச்சபைக்கு அறிவித்தார். ஆனால் அது நிற்கும் தளம் மறைநூல். இது என் உடல் என்று ஆண்டவர் சொன்னதை உள்ளபடியே எடுத்துக்கொண்டால், திருப்பலி முடிந்ததும் அது வெறும் அப்பமாகத் திரும்பிவிடும் என்று நினைக்க அந்தச் சொற்களில் இடமில்லை. அங்கே இருப்பவர் அவரே என்றால், இயேசுவின் பெயருக்கு எல்லாரும் மண்டியிடுவர் என்ற பிலிப்பியர் 2:10 மற்றதைச் சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில் நாசரேத்து அண்ணாச்சியின் சபையும் நாங்களும் இன்னும் ஒன்றாக இல்லை. புதுநன்மை நாளில் நீங்கள் மகளின் அருகில் இருக்கலாம், காணிக்கைப் பவனியில் அவளோடு வரலாம். கத்தோலிக்கர் அல்லாதவர் நற்கருணை வாங்குவதற்குத் திருச்சபைச் சட்டம் 844ஆம் விதி வகுத்துள்ள வரம்புகள் இருப்பதால், அந்த நாளுக்கு முன்பே பங்குத்தந்தையிடம் மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். வரிசையில் போய் நின்றபின் தெரியவருவதைவிட அது உங்களுக்கும் மகளுக்கும் நல்லது.